டை ராட்

கானாடுகாத்தான் தாண்டிப் பழைய விமான ஓடுதளம்.
போருக்குப் போட்டது.
எந்தப் போர் என்றால்,
"வெள்ளைக்காரன் போரு" என்கிறார் வாட்ச்மேன் சுப்புராசு.
இப்போது அதில் இறங்குவது மயில் மட்டும்.
சனிக்கிழமை காலை
அதையும் சிவப்புக் கொடி காட்டி விரட்டினார்கள்.

என் காருக்கு இருபத்தாறு வயது. நிசான்.
முன் பம்பரில் பிளாஸ்டிக் டையால் பன்னிரண்டு தையல்.
கதவில் ஸ்பான்சர்: சிகப்பி கேட்டரிங், கோட்டையூர்.
எட்டு டயரும் இரண்டு நாள் சாப்பாடும் தந்தார்கள்.
சாப்பாட்டில் குறையே இல்லை.

"யாரு மொதல்ல வாராகளோ அவுகளுக்குக் கப்பா?"
இல்லை அண்ணே, முதலில் வருவதற்கு மார்க் கிடையாது.
எவ்வளவு சாய்வாக வழுக்குகிறோம்,
எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு புகையோடு.
"அப்ப டான்ஸுப் போட்டின்னு சொல்லு."
சொல்லலாம்.
ஒரு பாட்டுக்கு இரண்டு டயர் தேயும் டான்ஸ்.

மூன்றாம் கியர். நூற்றுப் பத்து.
கை பிரேக்கை இழுத்ததும்
முதுகுக்குப் பின்னால் கார் தனியே ஒரு முடிவெடுக்கிறது.
இடது வளைவு.
மூக்கு பார்க்கும் பக்கம் சீமைக்கருவேலம்தான்.
பாதை இருப்பது
என் வலத் தோளுக்கு அப்பால், கதவுக் கண்ணாடியில்.
அங்கே பார்க்க வேண்டும்.
பார்த்த இடத்துக்குத்தான் கை போகும்.

எழுபத்தொரு மார்க். பதினாறு பேரில் பத்தாவது.
இரவு காரைக்குடி லாட்ஜில்
மூன்று பாக்கெட் ஷாம்பு போட்டும் தலையில் ரப்பர் வாடை.
மூக்கைச் சிந்தினால் கறுப்பு.

ஞாயிறு, முதல் ஜோடியில் எதிராளி சுழன்று
செம்மண்ணில் போய் உட்கார்ந்தான்.
அடுத்தது ஷிஜு வர்கீஸ், கோட்டயம்.
அவன் முன்னே, நான் துரத்தி.
அவன் புகைக்குள் நுழைந்த பிறகு
உலகத்தில் மிச்சம் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.
அவன் கதவுக்கும் என் விளக்குக்கும் ஒரு சாண்,
சில இடத்தில் அதுவும் இல்லை.

திரும்பி வந்து வரிசையில் நிற்கும்போது
அவன் முன்சக்கரம் ஒன்று
தன்பாட்டுக்கு வேறெங்கோ பார்த்தது.
டை ராட் போச்சு.
மாற்ற ஐந்து நிமிடம். ஸ்பேர் முந்தின நாளே தீர்ந்திருந்தது.
அவன் வராவிட்டால்
நான் ஒற்றையாய் ஒரு சுற்று வந்தால் போதும், அரையிறுதி.

எங்கள் தார்ப்பாய்க்கடியில் நீலப் பெட்டி.
அதற்குள் ஒன்றே ஒன்று. அவனுடையதும் நிசான்.
மைதீன் எதுவும் பேசவில்லை,
பெட்டிமேல் காலை வைத்து நின்றான்.
"காலை எடு."
"அக்கா, செமி ஃபைனல்."
"காலை எடு மைதீன்."

நாலு நிமிடம் நாற்பது நொடியில் பூட்டினார்கள்.
"திருச்சி ஜெனோவாவின் பெரிய மனசு!" என்றது மைக்.
மனசெல்லாம் ஒன்றுமில்லை.
யாருமில்லாத தளத்தில் வழுக்கிக் காட்டிவிட்டு
கூட்டத்துக்குக் கை ஆட்டுவதை நினைத்தேன்.
வயிறு கூசியது.

இந்த முறை நான் முன்னே.
ஷிஜு ஒட்டிக்கொண்டு வந்தான்,
என் ராடில், என் கதவோரமாக,
பெயின்ட் டப்பா வரைக்கும் விடாமல்.
நடுவர் மூன்று பேர். இரண்டு கை அவன் பக்கம்.

மைதீன் டயரைக் கழற்றினான்.
கம்பி தெரியத் தேய்ந்திருந்தது.
அந்த நட்டுகளிடம் பேசிய அளவுகூட என்னிடம் பேசவில்லை.

சாயங்காலம் ஷிஜு ராடைக் கொண்டு வந்தான், வளைந்து.
அரையிறுதியில் அவனும் தோற்றிருந்தான்.
"புதுசு கூரியர்ல அனுப்பாம், சேச்சி."
மைதீன்தான் கையை நீட்டினான்:
"அனுப்பு. இதையும் கொடு."
வாங்கி, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்தான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

காரை டிரெய்லரில் ஏற்றி பொலேரோவில் இழுத்து வந்தோம்.
திருமயம் வரை நேர்ச் சாலை.
அறுபதுக்கு மேல் போகவில்லை.
"அக்கா, ரோட்டைப் பாருங்க."
பார்த்துக்கொண்டுதான் வந்தேன்,
வலப்பக்கக் கண்ணாடி வழியாக.