கீறல்

பர்கூரிலிருந்து ஜெகதேவி போகும் சாலையில்
ஒரு கல் அறுக்கும் பட்டறை.
ஞாயிறு, வாள் ஓடாத நாள்,
அதனால் இடம் கிடைத்தது.
சாய்த்து நிறுத்திய ஒன்பதடிப் பலகையின் முதுகில்
அதிர்வுக் கருவி இரண்டை இறுக்கினேன்.
எட்டு பீசோ வில்லைகளை ஒட்டினேன்,
காய்ச்சல்காரன் மார்பில் ஒட்டுவதுபோல.

வந்தவர்கள் பதினொரு பேர்.
செருப்பைக் கழற்றச் சொன்னதும்
ஒருவர் சாக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முப்பத்தொரு ஹெர்ட்ஸ்.
காதுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை.
முதலில் தரையிலிருந்த கல்தூள் நகர்ந்தது,
பிறகு தண்ணீர் பாட்டில்,
பிறகு ரெஹானாவின் முழங்கால்.
"பல்லுக்குள்ள யாரோ நடக்கறாங்க" என்றாள்.
ஓசூர்ப் பையன் பலகையைக் கட்டிக்கொண்டு
தொப்புளால் கேட்டான்.
நான் குதிகாலைத் தூக்கினால் ஓசை மெலியும்,
எடையை இடது காலுக்கு மாற்றினால் தடிக்கும்.
இதற்குப் பெயர் வாசிப்பதா, நிற்பதா?
மூன்று மாதமாகப் பிடிபடவில்லை.

பதினான்காவது நிமிடத்தில் ஒரு கரகரப்பு வரும்,
தகரக் கூரையில் வண்டு சிக்கியதுபோல.
அதற்காகத்தான் மொத்த உருப்படியும்.
நான் கணக்குப் போட்டு உண்டாக்கியது
என்று நம்பியிருந்தேன்.

திம்மராயன் அப்போதுதான் எழுந்து வந்தார்.
இங்கே வாள் ஓட்டுபவர். இருபத்திரண்டு வருடத்தில்
மேல் சத்தமெல்லாம் போய்விட்டது அவருக்கு:
குயில், குக்கர், போன் மணி.
தாடையைக் கல்லில் வைத்தார்.
முழங்கால் தானாக மடிந்தது,
ஓடும் பேருந்தில்
கம்பி பிடிக்காமல் நிற்கும் நடத்துநர் மாதிரி.
அப்படியே பலகை நெடுக நகர்ந்தார்.
ஓரிடத்தில் நின்றார்.
பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றித் தடவினார்.

எல்லாம் காய்ந்தது,
ஒரு மயிரிழை மட்டும் காயவில்லை.

"விட்டிருக்கு" என்றார். "இதக் கப்பல் ஏத்த மாட்டாங்க."

நிறுத்தவா என்று கையால் கேட்டேன்.
அவர் தலையை ஆட்டினாரா
கல் அவரை ஆட்டியதா தெரியவில்லை.
குமிழை அப்படியே விட்டேன்.
வண்டு கத்திக்கொண்டே இருந்தது,
அவர் கன்னத்துக்கும் என் பாதத்துக்கும் நடுவில்.

அணைத்த பிறகு
மாங்கூழ் டேங்கர் ஒன்று சாலையில் போனது.
அதையும் சொன்னது கல்,
எவரும் கேட்காமலே.

முதலாளியிடம் விலை விசாரித்தேன்.
"உடைஞ்ச கல்லையா?" சிரித்தார்.
கிரேன் வாடகை மட்டும் போதும் என்றார்.
அதுவே என்னிடம் இல்லை.

கிருஷ்ணகிரி வரும்வரை
பேருந்தின் ஜன்னல் கம்பியில்
தாடையை வைத்திருந்தேன்.