உள்பக்கத்துப் பனி

நாலுமுக்கிலிருந்து இறங்கும்போது மணி நாலரை.
வைப்பர் சும்மா அடித்துக்கொண்டிருந்தது.
"பனி வெளிய இல்ல அண்ணாச்சி,
நாம விட்ட மூச்சுதான்" என்றேன்.
ஜீப்பில் ஹீட்டர் செத்து மூணு வருஷம்.

முன்சீட்டில் செல்லையா. பின்னால் முத்துப்பேச்சி.
அம்பை கோர்ட்டில் பத்து மணிக்கு
ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள்,
அநேகமாகக் கடைசித் தடவை.
மலையில் அன்றைக்கு வேறு வண்டி இல்லை.

பேசினால்தான் கண்ணாடி மங்கும் என்றில்லை.
பேசாதவர்கள்
இன்னும் நீளமாக மூச்சு விடுகிறார்கள்.

கதவுக் கண்ணாடியை இறக்கினால் அவளுக்கு இருமல்.
ஏற்றினால் எனக்குப் பள்ளம் தெரியவில்லை.
ஒரு கொண்டை ஊசியில் டயர் சரளையில் வழுக்க
செல்லையா பீடியைப் பிய்த்து
தூளைக் கண்ணாடியில் வட்டமாகத் தேய்த்தான்.
பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.
முந்தானை நனைந்துபோக, வெறும் கையால்
அவன் விட்ட இடத்திலிருந்து துடைத்தது.
"அந்த ஓரம்."
"தெரியுது."
அவ்வளவுதான்.

மணிமுத்தாறு செக்போஸ்டில் காற்று வெதுவெதுத்தது.
கண்ணாடி தானாகத் தெளிந்தது.
சாயங்காலம் அவள் தென்காசி பஸ்ஸில் ஏறினாள்.
அவன் டீக்கு மட்டும் காசு கொடுத்தான், மூணு டீக்கு.

எட்டு நாள் கழித்துத் தனியாக ஏறுகிறேன்.
காக்காச்சி தாண்டியதும்
என் ஒருத்தன் மூச்சுக்கே
கண்ணாடி முழுக்க வெளுக்கிறது.
வெளுக்காமல் நிற்கின்றன
ஒரு வட்டமும்
அதன் மேல் ஏறிப்போன நாலு விரல்கோடுகளும்.

அந்தச் சந்துவழியாகத்தான் ரோடு தெரிகிறது.
குனிந்து ஓட்டுகிறேன்.