மிச்ச வேலை

சம்பளம் விழுந்த பின்னேரம்
மட்டக்களப்பு டவுனில்
ஐஸ் பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்தேன்.
சதுரமாய் வெட்டி அடுக்கிய மாத்தாள்,
பத்துத் துண்டு.
உறையில் மூன்று பாஷையிலும்
ஒரே பொய்:
இலேசாகச் செய்யலாம்.

பஸ் ஸ்ராண்டில் அப்பிள் நான்கு.
ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் மட்டும் சிவப்பு.

கல்லடிப் பாலத்தில் பஸ் இழுத்து இழுத்துப் போக,
பேப்பர் சுற்றிய பொதி
அடிவயிற்றில் பனியைக் கசியவிட்டது.
பக்கத்தில் நின்ற மனுசி கேட்டாள்:
மீனா தங்கச்சி, என்ன விலை?

டச்பாரில் மர்லீன் அன்ரி வீட்டுப் பின்னறையில்
லோஜிதாவும் நானும் வாடகைக்கு.
நத்தார் கேக்குக்கு மட்டும் பத்துகிற போறணையை
அன்ரி இன்றைக்கு இரவல் தந்தார்,
மீற்றரில் இருந்த இலக்கத்தை
கலண்டரில் குறித்துவிட்டு.

லோஜிதா கட்டிங் பகுதி.
கத்தியை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டாள்.
அப்பிள் அவள் விரலடியில்
சீனிக்கட்டி சீனிக்கட்டியாய் விழுந்தது,
ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல்.
நான் சட்டியில் பட்டர் போட்டு, சீனி போட்டு,
கறுவாத்தூளைக் கூடக் கொட்டிவிட்டேன்.
நாய் தும்மியது.

அன்ரி வாசலில் நின்று உறையை வாசித்தார்.
“மாவும் கடையில வாங்கினதா?
மறுகா அதுல உன்ர வேலை என்ன பிள்ளை?”

சிரித்துவைத்தேன்.

ஒன்பது வருசம் நான் காலர்.
காலர் மட்டும்.
துணி எந்தத் தேசத்தில் நெய்ததோ,
வெட்டு லோஜிதாவின் மேசை,
கை இன்னொரு வரிசை,
பொத்தான் துளை
காத்தான்குடியில் இருந்து வருகிற ஜெஸீமா.
கழுத்து வளைகிற அந்த ஒரு சாண் என்னுடையது.
முழுச் சட்டை ஒன்றை
நான் இன்றுவரை தைத்ததில்லை.
அதைப் போட்டுக்கொண்டு
எங்கோ குளிருக்குள் வேலைக்குப் போகிறவனும்
அரைச் சட்டையோடு போவதில்லை.

இதையெல்லாம் அன்ரியிடம் சொல்ல
வியாழக்கிழமை இரவு போதாது.
மாத்தாள் வேறு இளகத் தொடங்கிவிட்டது.

நடுவில் ஒரு கரண்டி அப்பிள்.
மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம்.
ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்தினேன்,
கை தன்பாட்டில் எண்ணியது.
இஞ்சிக்குப் பன்னிரண்டு வேண்டும்,
ஐந்துக்கு மேல் வரவில்லை.
ஆவி போக மேலே இரண்டு கீறல்:
பொத்தான் வராத துளைகள்.
முட்டை பூசி உள்ளே தள்ளினேன்.

போறணை எரிய
அறை பல்ப் மங்கிப்போனது.
மங்கல் வெளிச்சத்தில் இருவரும் குந்தியிருந்து
கண்ணாடிக்குள் பார்த்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு ஒழும்பியது!

தாள்போல் தட்டையாய் இருந்ததற்குள்
இத்தனை அடுக்கா?
எவளோ ஒருத்தி பட்டரை உள்ளே வைத்து
மடித்து, தேய்த்து, குளிரில் விட்டு,
பிறகும் மடித்ததெல்லாம்
என் பெயரில் பொங்கிக்கொண்டு நின்றது.
குப்பைக் கூடையில் இருந்து
உறையை எடுத்துப் பார்த்தேன்.
மடித்தவளின் பெயர் இல்லை.
தொகுதி இலக்கம் இருந்தது.
எனக்கும் அப்படி ஒன்று
மெசின் தலையில் ஒட்டியிருக்கிறார்கள்.

பத்தில் ஒன்று ஓரம் பிரிந்து
பாகு வழிந்து தட்டில் கருகிவிட்டது.
தையல் விட்டது, றிஜெக்ட்,
என்றாள் லோஜிதா.
அங்கே என்றால் சிவப்பு ஸ்டிக்கர்,
பெயர் கூப்பிடல்,
அரை மணித்தியாலம் நின்று பிரித்துத் தைத்தல்.

இங்கே அதைத்தான் முதலில் பிய்த்தோம்.
ஆறப் பொறுக்காமல் கடித்து
நாக்கு வெந்து,
வாயைத் திறந்தபடி
ஊ ஊ என்று இருவரும் கையால் விசிறிக்கொண்டு.

அன்ரி ஒன்றை எடுத்து
இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
நல்லது என்று சொல்லவில்லை.
மீற்றர் பார்க்கப் போனவர்
திரும்பி வந்து
இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார்.