தாவர எண்ணெய்

டாண்டினாங் பிஸ்கட் ஆலையில்
பதில் எழுதுவது என் வேலை.
நொறுங்கிய பொட்டலத்துக்கு ஒரு பதில்,
நிலக்கடலை ஒவ்வாதவர்க்கு வேறொன்று,
பழைய ருசி எங்கே என்று ஆண்டுதோறும் கேட்கும்
பாலராட் திருவாளர் பென்ஹாலுக்கு
தனியாக ஒன்று.

போன மார்ச் வரை
எண்ணெயைப் பற்றி மாதம் மூன்று கடிதம்.
இப்போது ஒரு செவ்வாய்க்கிழமைக்கே நாற்பது.

ஜீலாங்கிலிருந்து நான்காம் வகுப்பு முழுவதும்
எழுதியிருக்கிறது:
இருபத்தாறு உராங்உத்தான்கள்.
ஒன்றுக்குப் பச்சைக் கண்.
ஒன்று, கடித்த பிஸ்கட்டைத் திருப்பித் தருகிறது.
ஆர்லோ என்ற பையன் மட்டும்
குரங்கு வரைய வராமல் ஒரு மரத்தை வரைந்து
"அது இதற்குப் பின்னால் நிற்கிறது"
என்று எழுதியிருந்தான்.

"வாடிக்கையாளர் கேட்கிறார்கள்"
என்றார் கூட்டத்தில் ஹேமிஷ்,
வாசல் மணி அடித்தது காதில் விழுந்தவர்போல.
அழுத பிள்ளைக்குத்தானே பால்.
அக்டோபர் முதல் சான்றிதழ் பெற்ற எண்ணெய்.
'தாவர எண்ணெய்' என்ற முக்காடு விலகி
பொட்டலத்தின் முதுகில் அதன் பெயரே வரும்.
விலை பன்னிரண்டு சென்ட் கூடும்.

அதன் பெயர் எனக்குத் தெரியும்.
தெலுக் இந்தான் பக்கம் நாங்கள் செம்பனை என்போம்.
குலை விழுந்து சிதறிய பழங்களை
அம்மா பொறுக்கினாள்,
கோணிக்கு இவ்வளவு என்று.
பிறகு மருந்தடிக்க மாற்றினார்கள்.
காலையில் முதுகில் ஏறிய டப்பா
பகலில் இறங்கும்.
அந்த வருஷம் அவள் கட்டைவிரல் நகம் கழன்றது,
அடுத்து ஆள்காட்டி விரல்.

இதை எந்தக் கடிதமும் கேட்டதில்லை.
குரங்கின்மேல் எனக்குப் பொறாமை ஒன்றுமில்லை.
கொஞ்சம் உண்டு.

சான்றிதழ்க்காரர்களின் கோப்பு
அறுபத்திரண்டு பக்கம்.
பதில் எழுத வசதியாயிருக்கும் என்று
மதியச் சாப்பாட்டோடு புரட்டினேன்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில், அடிக்குறிப்புக்கு மேல்:
மருந்து தெளிப்பவர்க்குக் கையுறை, முகமூடி.
கர்ப்பிணிகளைத் தெளிக்க அனுப்பக் கூடாது.

சோற்றை மூடி வைத்தேன்.
யார் அழுதது இதற்கு?
பச்சைக் கண் குரங்கின் கையைப் பிடித்துக்கொண்டு
இந்த இரண்டு வரியும்
சத்தமில்லாமல் உள்ளே வந்திருக்கின்றன.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன்,
இப்போது கையுறை தருவார்களாம் என்று.
"அந்த வெயிலுக்கு வேர்த்துக் கொட்டுமே" என்றாள்.

இருபத்தைந்து பேருக்கு
'உங்கள் அக்கறைக்கு நன்றி' போனது.
ஆர்லோவுக்கு ஒரு வரி கூடுதல்:
உன் மரத்துக்குப் பின்னால்
இன்னொருவரும் நிற்கிறார்,
இடம் விட்டு வரைந்ததற்கு நன்றி.

சனிக்கிழமை
ஃபாஸ்டர் தெரு நேசன் கடையில்
முறுக்குக்கு எண்ணெய் வாங்கப் போனேன்.
மஞ்சள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தாவர எண்ணெய்.
அதற்குமேல் ஒன்றுமில்லை.
"சான்றிதழ் போட்டது இருக்கா?"
"அப்படி ஒருத்தரும் கேக்கிறேல்லை அக்கா."
பக்கத்து அடுக்கின் சூரியகாந்தி
நான்கு டாலர் அதிகம்.
மஞ்சள் டின்னையே எடுத்துக்கொண்டேன்.
முறுக்கு நன்றாகத்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமையும் போனேன்.
வீட்டில் பாதி டின் மிச்சமிருந்தது.
கறிவேப்பிலை மட்டும் வாங்கிக்கொண்டு
மறுபடி கேட்டேன்.