ஐந்தாவது பொருள்: வாயிற்கதவு

தண்ணீர்க் கோபுரத்தில் இப்போது ஒன்பது வீடுகள்.
மேல்தளத்துக்காரர் தொலைநோக்கி வைத்திருக்கிறார்.
சனியின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று
எங்களை ஒருமுறை ஏற்றிவிட்டார்.
மேகம்தான் தெரிந்தது.

சலவைக்கூடம் இருந்த இடத்தில் ரொட்டிக்கடை.
சவக்கிடங்கு எங்கே இருந்ததென்று
வீடு விற்றவர்களுக்குத் தெரியாது.
சைக்கிள் கொட்டகையின் தரை மட்டும்
நடுவிலுள்ள வடிகாலை நோக்கிச்
சற்றே சரிந்திருக்கிறது.

தெருக்களுக்கெல்லாம் மரங்களின் பெயர்.
எந்த மரத்தை வெட்டினார்களோ
அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர்
என்றொரு பொல்லாத வாய் சொல்லும்.
வாய் என்னுடையதுதான்.

ஆஷ்மியர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான்.
மாதம் ஒருமுறை பழைய தேவாலயத்தில்,
உடற்பயிற்சி எந்திரங்களை ஓரம் தள்ளி,
கூடுவோம். அன்றைக்குப் பதினேழு பேர்.

ஒன்று: நாய்க் கழிவு.
இரண்டு: நாய்க் கழிவு, சென்ற மாதத் தொடர்ச்சி.
மூன்று: நின்றுபோன மணிக்கூண்டு.
ஓடாவிட்டாலும் அழகாகத்தான் இருக்கிறது
என்று ஏகமனதாகத் தீர்மானம்.
நான்கு: ரூபர்ட் டாசன் ருபார்ப் நடத் தோண்டியபோது
கிடைத்த கரண்டிகள், நாற்பத்தொன்று.
கைப்பிடியில் எண் உண்டு, பெயர் இல்லை.
கண்ணாடிப் பெட்டியா, பழைய இரும்புக்கா?
ஒத்திவைக்கப்பட்டது.

பிஸ்கட்டுக்காகவே வருவாள் என்று நாங்கள் நினைத்திருந்த
ஏவிஸ் பென்ஃபோல்ட்
அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு கரண்டியாகத் திருப்பிப் பார்த்தாள்,
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

ஐந்து.
டெரிக் ஸ்பர்லிங் மடிக்கணினியைத் திறந்தார்.
ஏழடி உயரம், கறுப்பு இரும்பு,
நான்கு இலக்க எண்.
ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்.
தள்ளுவண்டியைத் திருட்டுக் கொடுத்த ஜெம்மா
முதல் ஆளாகக் கை தூக்கினாள். நானும் தூக்கினேன்.

"பூட்டு எந்தப் பக்கம்?"

ஏவிஸ்தான் கேட்டாள்.
இரண்டு பக்கமும், என்றார் டெரிக்.
"உள்ளே இருப்பவள் எண்ணை மறந்துவிட்டால்?"
யாரோ சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

பிறகு சொன்னாள், பேருந்து நேரம் சொல்வதுபோல்:
பதினெட்டு வயதில், குழந்தை பிறந்தபின்,
அழுகை நிற்கவில்லை. அவ்வளவுதான் வியாதி.
நான்கு மாதத்தில் நின்றுவிட்டது.
ஆறு வருடம் இருந்தேன்.

ஓடுபொறி ஒன்று தானாகப் பிணுங்கி அணைந்தது.
ஜெம்மா மெதுவாகக் கேட்டாள்:
அப்புறம் ஏன் இங்கேயே வீடு வாங்கினீர்கள்?

"சன்னல் பெரிசு.
இப்போது திறக்கவும் திறக்கிறது."

நான் எழுதினேன்:
*திருமதி பென்ஃபோல்ட் ஒரு கேள்வி எழுப்பினார்.*
ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு ஏழு, நடுநிலை ஒன்று.
தூக்கிய கையை நான் இறக்கவில்லை.
இறக்கியிருந்தால்,
எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.

கதவு வந்து மூன்று வாரம் ஆகிறது.
விடியலில் ஓடப் போகும்போதெல்லாம்
அது ஒரு கையகலம் திறந்தே கிடக்கிறது.
தாழ் விழும் குழிக்குள்
வளைத்துச் செருகிய ஒரு கரண்டி.
எண்ணை நான் குனிந்து பார்க்கவில்லை.

பழுது பார்ப்பவர் இரண்டு முறை வந்துபோனார்.
மழையில் இரும்பு உப்பியிருக்கும் என்றேன்.

நேற்றிரவு குறிப்பேட்டை எடுத்து
நாற்பத்தொன்றை அடித்துவிட்டு
நாற்பது என்று திருத்தி
ஓரத்தில் கையெழுத்தும் போட்டேன்.