சைபர் மேலே

கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது
பையில் இருந்தவை: முப்பது படிவம், இரண்டு பேனை,
பூச்சியத்திலிருந்து நூறு வரை கோடு போட்ட
ஒரு மட்டை.

அஜ்வத் காக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார்.
சங்கு குளித்தவர். கடலட்டைக்கும் போனவர்.
காற்று முடிந்த அவசரத்தில் மேலே வந்தார்;
இடுப்புக்கு மேல்தான் வந்துசேர்ந்தது.

நடமாட்டம்? சிரித்தார்.
குளிப்பு, உடுப்பு? உட்பக்கம் திரும்பிப் பார்த்தார்.
வலி?
"கால் இருக்கிறதே வலியிலதான் தெரியுது, மிஸ்."

மட்டையை நீட்டினேன்.
நூறு, நினைக்கக்கூடிய மிக நல்ல சுகம்.
பூச்சியம், மிக மோசம்.
இன்றைக்கு நீங்கள் எங்கே?

"தலைகீழா அடிச்சிருக்காங்க.
கடல்ல சைபர் மேல.
நூறடி எண்டு மீற்றர் காட்டினா அடியில நிக்கிறோம்.
நான் நூறுக்குப் போய்ட்டு வந்தவன்."

பிறகு, மனப்பாடம் செய்த அந்தக் கேள்வி:
இப்படியே பத்து வருடமா,
நடந்துகொண்டு ஏழு வருடமா?
ஏழென்றால், ஆறு? ஆறென்றால், ஐந்தரை?
அறக்குளா ஏலத்தில் விலை ஏறும்.
இங்கே இறங்கிக்கொண்டே போனது.

"வெட்டுறத நடுவில வெட்டலாமா?
ஸமீஹாட சோதினைக்கு நான் இருக்கணும்,
கலியாணத்துக்கும்.
இடையில உள்ளத எடுங்க."
அப்படி ஒரு வழி படிவத்தில் இல்லை.
நாலில் நின்றார்.
0.4 என்று எழுதினேன்.

"இதெல்லாம் எதுக்கு?"
அழுத்தக் கூடம் இன்னொன்று வாங்கினால்
செலவுக்குத் தகுமா என்று பார்க்க.
"என்ட கால் வருமா?"
இல்லை. இனி விழுகிறவர்களுக்கு.

தெருவில், புல்மோட்டைக்குப் போகும் லொறியில்
பெடியன்கள் சிலிண்டர் ஏற்றினார்கள்.
இரும்பில் இரும்பு இடித்தது.
காக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, என்ட நெலம மோசம் எண்டாத்தான்
மெஷின் வரும்?"
நான் பேனையைப் பார்த்தேன்.
"ரெண்டு போடுங்க.
ஒண்டெண்டாலும் சரி."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.
ஹாஜறா ராத்தா ஈரக் கையோடு வந்தார்.
"அஞ்சு வருசமா நான் குளிப்பாட்டுற மனுசன்.
ஒண்டாம், ஒண்டு."
"மெஷினுக்குத்தான், புள்ள..."
"மெஷினுக்கும் குறைக்க வேணாம்."
படிவத்தில் விரலை ஊன்றினார்.
"பத்துப் போடுங்க, மிஸ்."

அவரைக் கேட்க எனக்குக் கேள்வி தரப்படவில்லை.

முதலில் சொன்ன பதிலே பதில், அது விதி.
திரும்பும்போது பாலத்துக் காற்றில்
படிவத்தைப் பிடித்துப் பார்த்தேன்.
புள்ளி கரைந்து பரவியிருந்தது,
பூச்சியமும் பாதி.
நாலு மட்டும் நின்றது.

அலுவலகத்தில் கேட்பார்கள்,
இது என்ன எண் என்று.