முதலாச்சா?

பாதி நாள் கடையடைத்துப் போனேன்.
கருங்கலிலிருந்து வடசேரிக்குப்
பெண்களுக்குக் காசில்லாத பேருந்து,
ஆகையால் செலவில் முதல் வரி பூஜ்யம்.
இரண்டாம் வரியில்
வந்து திரும்பியவர்களை எழுதவேண்டும்:
ஒரு பிரேக் கேபிள், இரண்டு பல்பு,
"அக்கா, பிளக் உண்டா" என்று
பூட்டிடம் கேட்டுப்போகும் ஜெரின்.

பார்வதிபுரத்தில் கல்யாண மண்டபம்.
முந்தின நாள் கட்டின குலைவாழை
இன்னும் வாடவில்லை.
மணமக்கள் இருக்கும் மேடையில்
அறுநூற்றைம்பது சிசி, கறுப்பு,
தட்டோடு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.
பின்சுவரில் மாப்பிள்ளை பெயர்
பாதி உரித்தபடி.
ஏறி நின்று படமெடுக்க வரிசை.
எனக்கும் ஆசைதான்.
ஆனாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு
குனிந்து பார்த்தது
செயின் கவரை எத்தனை நட்டு பிடித்திருக்கிறது என்று.

கழுத்தில் மாட்ட அட்டை எழுதினான் ஒரு பையன்.
"சார் வரலையா மேடம்?"
சார் கத்தாரில்.
கடையில் சார் நான்தான் என்றேன்.
எழுத்து கொஞ்சம் நடுங்கி
'விஜிலா ஆட்டோ ஸ்பேர்ஸ்' என்று விழுந்தது.

மின்சார வண்டிக்காரன்
ஒரு சார்ஜில் நூற்றிருபது கிலோமீட்டர் என்றான்.
பின்னால் நாற்பது கிலோ ரப்பர் ஷீட்டோடு
பேச்சிப்பாறை ஏற்றத்திலா என்றேன்.
சமதளத்தில் என்றான்.
எங்கள் ஊரில் சமதளம் என்றால்
அது கடல்.

அடுத்த ஸ்டாலில் துரு பற்றிக் கேட்டேன்.
"ஏழு அடுக்கு பெயின்ட் மேடம்."
குளச்சலில் உப்புக்காற்று எட்டாவது அடுக்கு,
அதை யார் சுரண்டுவது?
அவன் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்தான்.
சொன்னேன்:
பின்சீட்டில் மீன்பெட்டி,
ஐஸ் உருகிச் சொட்டுகிற இடம் ஒன்றுதான்,
ஒன்பதாம் மாதம் விரல் வைத்தால் உதிரும்.
கொட்டில்பாட்டு ததேயு
சைலன்சர் கிளாம்ப் மட்டும் மூன்று மாற்றியாச்சு.
"அக்கா சொல்லுது சரியாக்கும்"
என்று தக்கலைக்காரர் ஒருவர் புகுந்தார்,
அவருக்குப் பின்னால் நாலு பேர்,
ஆளுக்கொரு துரு.
கொஞ்ச நேரம்
மேடையில் மாப்பிள்ளை தனியாய்ச் சுற்றிற்று.

என் நம்பர் வாங்கிக்கொண்டான்.
கூப்பிடுவானென்று தோன்றவில்லை.
கூப்பிட்டாலும் கடைக்குள் சிக்னல் இல்லை,
கரண்டுக் கம்பத்தடியில் நிற்கவேண்டும்.

பிரியாணிக் கூப்பன் தீர்ந்துவிட்டது.
வெளியே ஒரு பழம்பொரி, ஒரு சாயா,
இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
பையில் ஒரு தொப்பி,
பிஸ்டன் வடிவில் சாவிவளையம்,
யாரும் எடுக்காமல் கிடந்த
கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியல்.

மழை பிடித்துக்கொண்டது.
வண்டி நிறுத்துமிடத்தில் ஒதுங்க இடமில்லாமல்
பார்க்க வந்தவர்களின் வண்டிகளுக்கு நடுவே நடந்தேன்.
பிரெட் கவர் மாட்டிய சீட்டு,
ட்யூப் சுற்றிய கிக்கர்,
செருப்பு அறுத்து வைத்த வாஷர்,
ஒன்றில் நம்பர் பிளேட்டைத் தாங்குவது
கொந்தை கட்டும் நூல்.
இருபத்தேழு ரிப்பேர் எண்ணினேன்,
அங்கேயே ஷட்டரைத் தூக்கலாம் போலிருந்தது.

திரும்பும் பேருந்தில்
வில்லுக்குறி தாண்டும்போதுதான்
பட்டியலை விரித்தேன்.
ஸ்டெயின்லெஸ் கிளாம்ப், பக்கம் பதினொன்று.
ஒருமுறை வாசித்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை.

காலையில் பக்கத்துத் தையல்கடை விக்டர்தாஸ்
"போனது முதலாச்சா?" என்றார்.
தொப்பியை அவர் மகனுக்குக் கொடுத்தேன்.
பிறகு கம்பத்தடியில் போய் நின்று
மார்த்தாண்டத்து ஹோல்சேல்காரரை அழைத்து
கிளாம்ப் என்ன விலை என்று கேட்டேன்.
நாலு வருடமாய்ச் சொல்லும் அதே விலை.
அப்படியா, என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அவர் ஒரு இருமல் இருமினார்.
"நேற்று நாகர்கோவில் போயிருந்தீங்களோ?"